படியில்லாத மலைக்கு எத்தனை படி?

மலை விற்கிற தொழில் என்று ஒன்று இருக்கிறது. அதில் சரக்கு கடைக்கு வராது, வாங்குகிறவர்தான் சரக்கிடம் போக வேண்டும். திட்டுவதற்கு மட்டும் தவறாமல் கடைக்குத் திரும்பி வருவார்.

துபாய் அல் குசைஸில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். அக்டோபரிலிருந்து மார்ச் வரை, சனி ஞாயிறுகளில், ஆட்களை வேனில் ஏற்றி ராஸ் அல் கைமா மலைகளுக்குக் கூட்டிப்போவோம். அங்கே ஒரு நீண்ட பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் ஒரு டஜன் சிகரங்கள், புல் பூண்டு இல்லாமல் வெறும் கல்லாக நிற்கும். யாருக்கு எந்தச் சிகரம் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை.

நானோ திருவாரூர் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் உயரம் என்றால் வாட்டர் டேங்க். முதலாளி ராஜேட்டன் பாலக்காட்டுக்காரர். 'ஏறாத மலையை விற்காதே' என்று சொல்லி, முதல் சீசனிலேயே நேபாளி கைடு பெம்பாவோடு என்னை எல்லா மலையிலும் ஏற்றி இறக்கிவிட்டார். அந்த இரண்டு மாதம் நான் விட்ட சாபமெல்லாம் பலித்திருந்தால் ராஜேட்டனுக்கு இப்போது தலையில் ஒரு முடி மிஞ்சியிருக்காது. மிஞ்சவில்லைதான், ஆனால் அது பரம்பரை என்கிறார்.

எட்டுப் புடவையைப் பிரித்துக் காட்டியபின் "சும்மா பார்க்க வந்தோம்" என்று எழுந்து போகிறவர்களை வாசல் வரை சிரித்துக்கொண்டே வழியனுப்பியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள்தான் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

எத்தனை படி?

போன வருஷம் சீசன் தொடங்கிய வாரம், ஏசி மெக்கானிக் வேலை பார்க்கும் பாண்டி தன் ரூம்காரர் ஒருவரோடு வந்தார். சிவகங்கைப் பக்கம். லேப்டாப்பில் போட்டோ எல்லாம் காட்டி, இத்தனை மீட்டர், இத்தனை மணி நேரம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "அதெல்லாம் இருக்கட்டும்ணே, எத்தனை படி?" என்றார். படி கிடையாது, கல்லின் மேல் கால் வைத்து ஏற வேண்டும் என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கைப்பிடிக் கம்பி உண்டா? இல்லை. நடுவில் உட்கார மண்டபம்? இல்லை. மேலே கோயில்? இல்லை. "அப்புறம் எதுக்குண்ணே மேல போறாங்க?" என்றார் பாண்டி. இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் நான் இந்த வேலையில் இருந்திருக்க மாட்டேன்.

சட்டென்று ஒன்று தோன்றியது. "பழனி ஏறியிருக்கீங்களா?" என்றேன். "வருஷா வருஷம்." "இது ஒண்ணரைப் பழனி." பாண்டியின் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. உடனே பெயர் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே ஒரு டஜன் மலைகளுக்கும் அரைப் பழனி, ஒரு பழனி, ரெண்டேகால் பழனி என்று அளவு போட்டு ஒரு தாளில் எழுதி சுவரில் ஒட்டினேன். பழனி தெரியாதவர்களுக்கு மாடிக் கணக்கில் சொல்லிவிடுவேன்.

ராஜேட்டன் மறுநாள் வந்து அந்தத் தாளைப் பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தவர், கடைசியில் ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்: "எடோ, ஞானும் பழனிக்குப் போயிட்டுண்டு. அந்த ரெண்டேகாலை ரெண்டுன்னு எழுது, கால் பழனி கண்டா ஆள் பயந்து போகும்."

ஷூ போட்ட தோள்

அந்த ஒண்ணரைப் பழனிக்கு நானும் கூடப் போயிருந்தேன். பன்னிரண்டு பேர். ஷூ இல்லாமல் வரக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால் பாண்டி புது ஷூவே வாங்கியிருந்தார். அடிவாரத்தில் காலில் இருந்த ஷூ, பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் கயிறு இரண்டையும் முடிச்சுப் போட்டுத் தோளில் தொங்குகிறது. காலில் வெறும் சாக்ஸ். பெம்பா பதறிப்போய், "பாய், ஜூத்தா! ஜூத்தா!" என்று கத்துகிறான். பாண்டி கும்பிட்ட கையோடு நிற்கிறார். "மலையில செருப்புக் காலோட ஏறினதே இல்லண்ணே, கூச்சமா இருக்கு" என்றார். எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. அந்தப் பாதையில் கூர்க்கல் குறைவு என்பதால் பெம்பாவைச் சமாதானப்படுத்தி, பாண்டியை எனக்கு முன்னால் விட்டு, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக் கூட்டிப்போனேன்.

உச்சியில் போய் நின்றதும், பழனி எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். போனில் திசை பார்த்துத் தென்கிழக்கைக் காட்டினேன். பன்னிரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள், அதில் இரண்டு பேர் மலையாளிகள், ஒருவர் பாகிஸ்தான்காரர். அவர் எல்லாரும் நிற்கிறார்களே என்று மரியாதைக்காக நின்றிருக்க வேண்டும். இறங்கும்போது பாண்டியிடம், "சாமிதான் கும்பிட்டாச்சே, இப்பவாவது ஷூவைப் போடுங்க" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் சொன்னது: "சாமிக்குப் பாதிதாண்ணே. மீதி, ஷூ புதுசு பாருங்க, கல்லுல போட்டா வீணாப் போயிடும்ல."

லிஸ்டில் இல்லாத மலை

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஸ் அல் கைமாவிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர் வந்தார். பெயர் மாசிலாமணி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெரம்பலூர்ப் பக்கம். ராஸ் அல் கைமாவில் ஒரு கல் குவாரியில் கிரஷர் ஆபரேட்டர். "மலையை ஒடச்சு ஜல்லியாக்குறதுதான் சார் நம்ம டூட்டி" என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். சுவரில் இருந்த தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு படம் காட்டினார். அவர் தங்கியிருக்கும் லேபர் கேம்ப் வாசலிலிருந்து எடுத்த படம். குவாரிக்கும் பின்னால், தனியாக ஒரு மலை. "இந்த மலைக்குத்தான் போகணும்."

கதையை அவரே சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே கேம்ப். காலையில் பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே அந்த மலை. சூரியன் அதன் பின்னாலிருந்துதான் வரும். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீடியோ காலில் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு என்று கேட்டிருக்கிறாள். நம்ம வீடுதான் இருக்கு, அப்பா ஒருநாள் ஏறி இறங்கி வந்துடுவேன் என்று இவர் சொல்லிவைத்திருக்கிறார். இப்போது அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பிப்ரவரி கடைசியில் இவருக்கு விசா கேன்சல், ஒரேயடியாக ஊர். "அங்க என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடணும் சார். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

அந்த மலை எனக்குத் தெரியும். பெம்பாவோடு ஒருமுறை ஏறியிருக்கிறேன். வரைபடத்தில் பெயர்கூடக் கிடையாது. மூணு பழனி தேறும், கடைசிப் பகுதி செங்குத்து. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தபோதே நான் கவனித்துவிட்டேன், இடது முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டுதான் எழுந்தார். முழங்கால் சரியில்லாதவர்களை ஒரு பழனிக்கு மேல் அனுப்புவதில்லை என்பது என் விதி. வேறு மலை காட்டினேன். ஒரு பழனிதான், மேலே போனால் கடல் தெரியும் என்றேன். "கடலை பிளேன்லயே பார்த்தாச்சு சார்" என்றார். முக்கால் பழனிதான், பாதி வரை வேனே போகும் என்றேன். அது நம்ம மலை இல்லையே என்றார். கோபம்கூட வந்துவிட்டது எனக்கு. உங்க முழங்காலுக்கு இது ஆகாது, நடுவில் மாட்டிக்கொண்டால் யார் தூக்குவது என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவர் சத்தம் போடவில்லை. பையில் போனைத் திரும்ப வைத்துக்கொண்டே சொன்னார்: "ஏறுறது என் பொறுப்பு சார். எறங்குறதை மட்டும் நீங்க பார்த்துக்குங்க."

மாடிப்படித் தேர்வு

சந்தேகமான கேஸ்களுக்கு நான் வைத்திருக்கும் தேர்வு ஒன்று உண்டு. எங்கள் கட்டடத்தில் ஆறு மாடி. கீழேயிருந்து ஆறாவது மாடிக்கு ஏறி இறங்க வேண்டும், நிற்காமல் நாலு தடவை. நானும் பின்னாலேயே வருவேன். யார் முகம் எந்த மாடியில் சிவக்கிறது என்று பார்த்தாலே எத்தனை பழனிக்குத் தாங்குவார் என்று சொல்லிவிடலாம். மாசிலாமணியை அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன். தேர்வில் தோற்றுவிட்டால் அவரே ஒத்துக்கொண்டு போய்விடுவார் என்ற எண்ணம்தான். தொழிலில் இப்படிச் சில நல்ல கெட்ட எண்ணங்கள் வேண்டும்.

ஏறும்போது மனுஷர் என்னை மிஞ்சிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் கிரஷர் ஏணியில் ஏறிய காலாச்சே. இறங்கும்போதுதான் வினை. ஒவ்வொரு படிக்கும் இடது முழங்கால் முகத்தைச் சுளிக்க வைத்தது. மூன்றாவது சுற்றில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக, ஏணியில் இறங்குவதைப் போல இறங்க ஆரம்பித்தார். அப்படி இறங்கினால் வலிக்கவில்லையாம். அவர் எங்காவது விழுந்துவிடக்கூடாதே என்று அவருக்குக் கீழே, அவரைப் பார்த்தபடி, நானும் பின்பக்கமாகவே இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் கல்யாணி அக்கா கோயம்புத்தூர்க்காரர். குப்பைப் பையோடு கதவைத் திறந்தவர், இரண்டு ஆண்கள் மூச்சிரைக்கப் பின்னால் பின்னால் காலை வைத்துப் படியிறங்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இதற்கு முன்னாலும் என்னை இந்தப் படிகளில் பலவிதமான ஆட்களோடு பார்த்திருக்கிறார், ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் பொறுக்கமுடியாமல், ரொம்பப் பரிவோடு சொன்னார்: "ஏனுங் தம்பி, லிஃப்ட் நல்லாத்தானுங்க வேலை செய்யுது!"

புல் போர்த்திய மலை

தேர்வு முடிந்து நாங்கள் இருவரும் அலுவலகத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஜபருல்லா பாய் உள்ளே வந்தார். கீழக்கரைக்காரர். இங்கே தேராவில் பாத்திரக்கடை. என் பழைய வாடிக்கையாளர், அறுபது வயதிலும் சீசனுக்கு ஒன்றிரண்டு மலை ஏறிவிடுவார். கோடைக்காலத்தில் இங்கே மலையேற முடியாது, கல்லில் தோசை சுடலாம். அந்த மாதங்களில் நாங்கள் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பயணம் போட்டுக் கொடுப்போம். போன ஜூலையில் பாயும் அவர் குடும்பமும் ஆஸ்திரியாவில் ஒரு பள்ளத்தாக்குக்குப் போயிருந்தார்கள். அவர் கொண்டுபோன சிகரங்களின் பட்டியல் நான் போட்டது. மூன்று நாள் யோசித்து, இது பாய்க்கு, இது கேபிள் கார் இருப்பதால் அவர் வீட்டம்மாவுக்கு, இது உச்சியில் தொழுவதற்குச் சமதரை இருப்பது என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. திரும்பி வந்தபிறகு பாயை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஊரு நல்ல ஊருதான் தம்பி, குறை சொல்லக்கூடாது. பசு மாடெல்லாம் கழுத்துல மணி கட்டிக்கிட்டு வாக்கிங் போகுது. மேல ஏறிப்போனா ஓட்டல் வச்சிருக்கான், சூப் கொடுக்கிறான். மலை பூரா ஒரே பச்சை. ஒரு கல்லு கண்ணுல படணுமே! காலை எங்க வைக்கிறதுன்னே தெரியல, மெத்தையில நடக்கிற மாதிரி இருக்கு. ஏறினோம்கிற திருப்தியே இல்ல." மூன்று நாள் யோசித்தவனின் மனம் என்ன பாடுபடும் என்று சொந்தக்காரர்களாகிய உங்களுக்குத் தெரியும். மாசிலாமணி இடையில், "புல்லுன்னா முழங்காலுக்கு நல்லதா பாய்?" என்று கேட்டார். அதிலிருந்து பேச்சு முழங்காலுக்குப் போய், பேரில்லாத மலைக்குப் போய், விசா கேன்சலுக்குப் போய்விட்டது. பாய் முழுவதையும் கேட்டுக்கொண்டார். எழுந்து கீழே போனார். பத்து நிமிஷத்தில் காரிலிருந்து ஒரு நீளப் பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். உள்ளே இரண்டு ஊன்றுகோல்கள். மலையேறுகிறவர்கள் இரண்டு கையிலும் பிடித்துக்கொள்வது, நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆஸ்திரியாவில் வாங்கியது, விலைச்சீட்டுக்கூடப் பிரிக்கவில்லை.

மாசிலாமணி வேண்டாம் வேண்டாம் என்று கையை உதறினார். நான் பாயிடம், உங்களுக்கே வேண்டுமே என்றேன். பாய் குச்சிகளை மாசிலாமணியின் மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், இதுவும் புல்லை மட்டும்தான் தம்பி பார்த்திருக்கு. நம்ம ஊரு கல்லைக் கொஞ்சம் பார்க்கட்டும்." ராஸ் அல் கைமாவைத்தான் நம்ம ஊர் என்றார்.

பின்பக்கம்

அதன்பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு ஞாயிறு அவரைச் சின்ன மலைகளில் குச்சிகளோடு பழக்கினோம். பிப்ரவரி மூன்றாவது ஞாயிறு நாள் குறித்தோம். அடுத்த வெள்ளிக்கிழமை அவருக்கு பிளைட். ஒரே நிபந்தனை போட்டேன்: எங்கே இருந்தாலும் சரி, பத்து மணிக்குத் திரும்பிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இறக்கம் ஆபத்து. சரி என்றார்.

விடிகிற நேரத்துக்கு நானும் பெம்பாவும் அவர் கேம்ப் கேட்டில் போய் நின்றோம். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு வந்தார். ரூம்காரர்கள் நாலு பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார்கள். மேலே போனதும் போன் போடணும், நாங்கள் கேம்ப் கூரையில் ஏறி நின்று சிவப்புத் துண்டை ஆட்டுவோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

அந்த மலைக்கு முன்பக்கம் வழி கிடையாது, குவாரி. ரோட்டில் முக்கால் மணி நேரம் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்த்தான் ஏற வேண்டும். இதை நான் அவரிடம் சொல்லியிருந்தேனா இல்லையா என்று வேன் ஒரு வளைவு திரும்பியபோதுதான் யோசித்தேன். சொல்லவில்லை. தொழிலில் எனக்கு எல்லா மலையும் எந்தப் பக்கம் ஏறுவது என்பதுதான் கணக்கு. எந்தப் பக்கத்தைப் பார்க்க ஒருவர் இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தார் என்பது மண்டையில் ஏறவே இல்லை. வேன் நின்றது. மலைக்கு அந்தப் பக்கம், இதோ, கண்முன்னால் கிடக்கிறது. கொஞ்சம் ஈச்ச மரங்கள். நாலைந்து வீடு, ஒரு தண்ணீர்த் தொட்டி. பத்துப் பதினைந்து ஆடுகள், அதில் ஒன்று ஒரு பழைய டொயோட்டாவின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தது. அவ்வளவுதான். ஒரு கல்கூட ஏறவில்லை, ரகசியம் வெளியே வந்துவிட்டது. எனக்கு அழுகையே வரும்போல் இருந்தது, இந்த மனுஷனின் ஆசையை இப்படிப் போட்டு உடைத்துவிட்டேனே என்று.

மாசிலாமணி இறங்கி நின்று பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். மகளுக்கு ஆட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். நான் மெல்லப் பக்கத்தில் போய், "பார்க்கணும்னு நினைச்சதைப் பார்த்தாச்சே அண்ணே. முழங்காலை எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? இங்கேயே நிழல்ல உட்கார்ந்து புளிச்சோற்றைச் சாப்பிட்டுட்டுத் திரும்பிடுவோமா?" என்றேன். அவர் குச்சிகளின் நீளத்தைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "பின்னாடிதானே சார் பார்த்திருக்கோம். மேல இன்னும் பார்க்கலையே."

என் வாட்ச்

முதல் இரண்டு பழனி வரை நல்லபடியாகவே போனது. பெம்பா முன்னால், மாசிலாமணி நடுவில், நான் பின்னால். குச்சிகள் டக் டக் என்று கல்லில் பேசிக்கொண்டே போயின. அதன்பிறகு முழங்கால் வேலையைக் காட்டிவிட்டது. பத்தடிக்கு ஒருமுறை நின்றார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. செங்குத்துப் பகுதிக்குக் கீழே ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தபோது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. மேலே உச்சி தெரிகிறது. பெம்பா என்னைப் பார்க்கிறான். நான் வாட்சைப் பார்க்கிறேன்.

மாசிலாமணி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கெஞ்சியிருந்தால் சுலபமாக முடியாது என்று சொல்லியிருப்பேன், எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "சொன்னா சொன்னதுதான் சார். பத்து மணி ஆச்சுன்னா எறங்கிடுவோம். இவ்ளோ தூரம் கூட்டியாந்ததே பெருசு" என்றார். சொல்லிவிட்டு உச்சியின் பக்கம் பார்க்காமல் இருக்க, தரையில் ஒரு கல்லைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லைப் பார்த்தபோதுதான் எனக்கு மனம் தாங்கவில்லை. பெம்பாவை மேலே அனுப்பி வழியைப் பார்த்துவரச் சொன்னேன். வானத்தைப் பார்த்தேன், வடக்கிலிருந்து காற்று குளிர்ச்சியாகத்தான் வந்தது. தண்ணீர் பாட்டில்களை எண்ணினேன், ஆறு இருந்தது. பிறகு சட்டைக் கையை வாட்சுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, "பத்தாக இன்னும் நேரம் இருக்குண்ணே, வாங்க" என்றேன்.

மூன்று சீசனாகத் தமிழ் ஆட்களோடு மலையேறி பெம்பாவுக்குத் தமிழ் ஓரளவு வரும். மேலேயிருந்து கை கொடுத்து மாசிலாமணியைத் தூக்கிவிட்டபிறகு, அடுத்து எனக்குக் கை நீட்டும்போது என் காதோரம் சொன்னான்: "சார், இன்னிக்கி உங்க வாட்ச் ரொம்ப மெல்ல போகுது."

முன்பக்கம்

பத்து நாற்பதுக்கு உச்சி. நான் பின்னால் கீழே கிடந்த ஈச்ச மரங்களைப் பார்த்து நின்றேன், அவர் அதைத்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டு. அவர் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. நேரே நடந்து மறுவிளிம்புக்குப் போய்விட்டார்.

அங்கேயிருந்து குவாரி தெரிந்தது. வெட்டிய மலைகள் படிப்படியாக வெளுத்துக் கிடந்தன. கிரஷருக்கு மேல் கொஞ்சம் தூசிப் படலம். அதற்கும் தள்ளி, சமவெளியில், ஒரு கை நகம் அளவுக்கு வரிசையாக நீலக் கூரைகள். அதுதான் கேம்ப். அவர் போனை எடுத்தார். சிக்னல் இருந்தது. எடுத்த எடுப்பில் நாலு பேரின் கூச்சலும் எனக்கே கேட்டது: அண்ணே, கூரையில நிக்கிறோம், துண்டை ஆட்டுறோம், தெரியுதா, தெரியுதா?

நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பெம்பா பார்த்தான், கழுகுக் கண் அவனுக்கு. உதட்டைப் பிதுக்கினான். ஒன்றும் தெரியவில்லை. துண்டு என்ன, ஒரு லாரியை நிறுத்தி வைத்தால்கூட அங்கேயிருந்து தெரியாது. மாசிலாமணி ஒரு கையால் வெயிலை மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு போனில், "தெரியுதுடா! நல்லாத் தெரியுது. செகப்பா, பளிச்சுன்னு தெரியுது. போதும் போதும், விழுந்து கிழுந்து தொலைக்காதீங்க, எறங்குங்க" என்றார். மறுகையில் இருந்த குச்சியைத் தூக்கி அவர்களுக்கு ஆட்டிக்காட்டினார். அவர்களுக்கும் இவரைத் தெரிந்ததாகத்தான் சொன்னார்கள்.

போனை அணைத்துவிட்டு அப்படியே கல்லில் உட்கார்ந்தார். புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் தொடவில்லை. அந்த நீலத் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை மறைக்கும்படி ஆள்காட்டி விரலை நீட்டிப் பார்த்தார். விரல் நுனியில் கேம்ப் முழுக்க மறைந்துவிட்டது. அன்றைக்கு வரை என்னை சார் என்று மட்டுமே கூப்பிட்டவர், விரலை எடுக்காமலே கேட்டார்: "இதுக்குள்ளயா தம்பி நான் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன்?"

பேசிக்கொண்டபடியே ஏறுவது அவர் பொறுப்பாகவும் இறங்குவது என் பொறுப்பாகவும் நடந்தது: அவருக்குக் கீழே அவரைப் பார்த்தபடி மூணு பழனியும் பின்பக்கமாகவே இறங்கிவந்ததில் அவர் முழங்காலோடு பெரம்பலூர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான்தான் மூன்று வாரமாக, அவர் விட்டுப்போன பாயின் குச்சியை ஊன்றிக்கொண்டு கல்யாணி அக்காவோடு லிஃப்ட்டில் போய்வருகிறேன்.